படகு ஸ்டீரியோவுக்கு வயர் மாற்றும் முன்

பாட்டை முழுச் சத்தத்தில் ஓடவிட்டு, மல்டிமீட்டரால் முதலில் பேட்டரி முனைகளிலும் அப்புறம் ஆம்ப்ளிஃபையர் முனைகளிலும் வோல்டேஜ் பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் தடித்த வயர் வாங்கலாம். 12 வோல்ட்டில் 50 ஆம்பியர் இழுக்கும் ஆம்ப்ளிஃபையர் 5 மீட்டர் தள்ளியிருந்தால், 6 சதுர மி.மீ. வயர் போக வர சுமார் ஒன்றரை வோல்ட்டைத் தின்றுவிடும். 25 சதுர மி.மீ. வயரில் இழப்பு 0.4 வோல்ட்டுக்குள் அடங்கும். மைனஸ் வயரும் அதே தடிமனில் இருக்கட்டும், பலர் கோட்டைவிடுவது இங்கேதான். உப்புக்காற்றில் வெறும் செம்பு பச்சை பூத்துவிடும், வெள்ளீயம் பூசியதையே கேட்டு வாங்குங்கள். ஃபியூஸ் பேட்டரியை ஒட்டியே இருக்க வேண்டும்.

பேட்டரி முனையிலேயே வோல்டேஜ் சரிந்தால் வயர் மாற்றிப் பயனில்லை. பேட்டரியைத்தான் கவனிக்க வேண்டும்.