லயத்துச் சுவரில் ஓவியம்: தோட்டத்து மக்களோடு சேர்ந்து வரைவது எப்படி

2019 கடைசியில் இலங்கை முழுக்க இளைஞர்கள் சுவர்களில் படம் வரைந்தார்கள். எங்கள் மலையகத்து நகரங்களிலும் பாடசாலை மதில், பஸ் தரிப்பிடம், மண்ணணைச் சுவர் என்று கிடைத்த இடமெல்லாம் நிறமானது. அந்த உற்சாகம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ஆனால் எங்கள் பக்கத்தில் அவற்றில் பலவற்றை இன்று தேடினால் பாசிதான் தெரிகிறது. சுவரைத் தயார் பண்ணாமல் வரைந்தது ஒரு காரணம். அந்தச் சுவருக்குப் பக்கத்தில் இருப்பவர்களிடம் யாரும் எதையும் கேட்கவில்லை என்பது இன்னொன்று. தங்களுடையது என்று நினைக்காத படத்தை யார் கழுவிப் பராமரிப்பார்கள்?

நான் தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடான லயத்தில் பிறந்து வளர்ந்தவள். பாடசாலையில் சித்திரம் படிப்பிக்கிறேன். விடுமுறையில் தோட்டங்களுக்குப் போய், அங்கே இருப்பவர்களோடு சேர்ந்து சுவரோவியம் வரைகிறேன். அந்த வேலையில் சேரும் படங்களை வைத்துக் கண்காட்சியும் நடத்துகிறோம். இதைச் செய்ய நினைக்கிற தம்பி தங்கைகளுக்காக, எனக்குத் தெரிந்த முறையை எழுதுகிறேன்.

முதலில் சுவர்

லயத்தில் ஒரு குடும்பம் மூன்று தலைமுறையாக இருந்தாலும் அந்தச் சுவர் சட்டப்படி அவர்களுடையதல்ல. பெரும்பாலான பெருந்தோட்டங்களின் நிருவாகம் 1992இல் கம்பனிகளுக்குப் போனது, நிலம் அரசிடம் இருக்கிறது. ஆகவே தோட்ட நிருவாகத்தின் அனுமதி கட்டாயம் வேண்டும். ஆனால் தோட்டத்தை நடத்தும் துரையிடம் போவதற்கு முன் லயத்துக்குப் போங்கள். அங்கே குடியிருப்பவர்கள், தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர், மாதர் சங்கத் தலைவி, கோயில் கமிட்டி, எல்லோரோடும் பேசி முடித்த பிறகுதான் கடிதம் எழுத வேண்டும். கடிதத்தில் சுவரின் அளவு, வேலை நடக்கும் நாட்கள், படத்தின் மாதிரி, பிறகு யார் பராமரிப்பது என்பதெல்லாம் இருக்கட்டும். பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். துரை இடமாற்றம் பெற்றுப் போய்விடுவார், வாய்ச்சொல்லும் அவரோடு போய்விடும். பாடசாலை மதில் என்றால் அதிபரிடமும் வலயக் கல்வி அலுவலகத்திடமும், பெரிய வீதி ஓரம் என்றால் வீதி அபிவிருத்தி அதிகார சபையிடமும் பிரதேச சபையிடமும் கேட்க வேண்டும்.

அந்த லயத்தை உடைத்துத் தனி வீடு கட்டப் போகிறார்களா என்றும் விசாரியுங்கள். வீடு வரட்டும், அதுதான் முக்கியம். நீங்கள், வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்துச் சுவரையோ வாசிகசாலைச் சுவரையோ எடுத்துக்கொள்ளலாம்.

மலைநாட்டில் ஒரு சுவரை ஒருபோதும் தெரிவு செய்யாதீர்கள்: பின்னால் மண் முட்டிக்கொண்டு நிற்கிற சுவர். பார்க்கப் பெரிதாக, வசதியாக இருக்கும். ஆனால் மண்ணில் உள்ள ஈரம் வருஷம் முழுக்கச் சுவருக்குள் வந்துகொண்டே இருக்கும், நீங்கள் முன்னால் எத்தனை பூச்சுப் பூசினாலும் பின்னாலிருந்து தள்ளிக் கழற்றிவிடும். சந்தேகமாக இருந்தால் ஒரு சதுர அடி பொலித்தீனை நாலு பக்கமும் டேப்பால் இறுக்கி ஒட்டி, மறுநாள் உரித்துப் பாருங்கள். உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் நின்றால் அந்தச் சுவர் வேண்டாம்.

என்ன வரைவது

இந்த வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. அதனால் இதற்கு நிறைய நேரம் ஒதுக்குங்கள்.

கூட்டத்தைப் பகலில் வைக்காதீர்கள். பெண்கள் பின்னேரக் கொழுந்து நிறுவை முடிந்து, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு, தண்ணீர் விறகு பார்த்து, அடுப்பு மூட்டி ஓயும்போது இரவு ஏழு மணியாகிவிடும். ஞாயிறு மத்தியானத்துக்குப் பிறகு நல்ல நேரம். மண்டபம் வேண்டாம், லயத்து முன் திண்ணையான இஸ்தோப்பில் உட்காருங்கள். மண்டபத்தில் தலைவர்கள் பேசுவார்கள், இஸ்தோப்பில் எல்லோரும் பேசுவார்கள்.

"என்ன வரையலாம்?" என்று கேட்டால், "நீங்களே பார்த்து வரைங்க டீச்சர்" என்று மரியாதையாகச் சொல்லி முடித்துவிடுவார்கள். இல்லாவிட்டால் கூடை மாட்டிச் சிரித்துக்கொண்டு நிற்கிற பெண்ணைச் சொல்வார்கள். தேயிலைப் பெட்டியிலும் ஹோட்டல் சுவரிலும் தங்களை அப்படித்தானே பார்த்து வந்திருக்கிறார்கள். அதனால் வேறு மாதிரிக் கேளுங்கள். இந்த லயத்துக்கு முதலில் தண்ணி எங்கேயிருந்து வந்தது? தண்ணி பிடிக்கிற பீலி எந்தப் பக்கம் இருந்தது? மழைக்கு மலைக்குப் போகும்போது எதைக் கட்டிக்கொண்டு போனீர்கள்? உங்கள் தாத்தா எந்த வழியாக இங்கே வந்ததாகச் சொல்வார்? இப்படிக் கேட்டால் கம்பளி வரும், இடுப்பில் கட்டும் படங்கு வரும், காலையில் வேலைக்குப் பேர் எடுக்கும் பிரட்டுக்களத்துச் சத்தம் வரும், தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டு வழியே நடந்து வந்த கதையும் வரும். பேச்சை, அனுமதி கேட்டு, போனில் பதிவு செய்யுங்கள். சிறுவர்களுக்கும் பெரியவர்களுக்கும் பிரவுண் பேப்பரும் கரியும் கொடுத்து, பேசுவதை அங்கேயே வரையச் சொல்லுங்கள். கோடு எப்படி வந்தாலும் சரி.

ஒரு தோட்டத்து டிவிஷனில் (பிரிவில்), நான் மாதிரிப் படத்தில் மலையெல்லாம் பச்சையாகத் தீட்டிக் காட்டியபோது ஓர் அம்மாச்சி கேட்டார்: "எப்பவும் பச்சையாவா இருக்கு? கவ்வாத்து வெட்டின மலையைப் போடு மகள்." அவருடைய கணவர் கவ்வாத்து ஆள், தேயிலைச் செடியை அடியோடு கத்தரிப்பவர். வெட்டி முடித்த மலை எப்படி இருக்கும் என்று மலையகத்தில் எல்லோருக்கும் தெரியும்: மண்ணிறமும் சாம்பல் நிறமும், நடுவில் மொட்டைக் கொப்புகள். அந்தச் சுவரில் பாதி மலை அப்படியே நின்றது. வேலை முடிந்து வருகிறவர்கள் அந்தப் பக்கத்தில்தான் நின்று பேசுவார்கள். தோட்டத்தை வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது அழகான ஒரு பச்சை. அதற்குள் வேலை செய்கிறவருக்கு அது எத்தனையோ நிறம். சுவரில் வர வேண்டியது அவர் பார்க்கிற தோட்டம்தான்.

சில விஷயங்களில் கவனம் தேவை. வாசலில் மேய்கிற சேவலைப் பிள்ளை ஆசையாக வரையும், ஆனால் சேவல் இங்கே ஒரு கட்சியின் சின்னம். நிறங்களைப் பட்டை பட்டையாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஏதாவதொரு தொழிற்சங்கத்தின் கொடியாகிவிடும். மாதிரியைத் தலைவர்கள் எல்லோருக்கும் ஒரே நாளில் காட்டிவிடுங்கள். முனியாண்டி, ரோதமுனி போன்ற காவல் தெய்வங்களை வரைவதென்றால் பூசாரியிடம் கேளுங்கள், கானுக்கு (வடிகாலுக்கு) பக்கத்தில், கால் படும் உயரத்தில் சாமி வரக்கூடாது. காமன் கூத்தை வரைகிறவர்கள் ரதியையும் மதனையும் பெரிதாகப் போட்டுவிட்டு, தப்பு என்ற பறையை அடிக்கிறவரை ஓரத்தில் சின்னதாக ஒதுக்குவதைப் பார்த்திருக்கிறேன். தப்பு இல்லாமல் அந்தக் கூத்தே இல்லை. அவரை நடுவில் போடுங்கள்.

உயிரோடு இருப்பவரின் முகத்தை வரைந்தால் அவருடைய சம்மதம் எழுத்தில் வேண்டும், இறந்தவர் என்றால் குடும்பத்தின் சம்மதம் வேண்டும். குழந்தைகளின் அடையாளம் தெரிகிற முகம் வேண்டாம்.

காலமும் பூச்சும்

தலவாக்கலை, ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்கு மழை. அங்கே ஜனவரி முதல் மார்ச் வரை வரைவதே நல்லது. பதுளை, பண்டாரவளை, ஹப்புத்தளைப் பக்கம் ஒக்டோபர் முதல் ஜனவரி வரை மழை கூடுதல், அங்கே ஜூன் முதல் ஓகஸ்ட் வரை வேலை செய்யலாம். 10 பாகை செல்சியஸுக்குக் கீழே எமல்ஷன் பெயின்ட் சரியாகப் படலமாகப் பிடிக்காது. நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி இரவுகளில் குளிர் அதற்கும் கீழே இறங்கும். அதனால் வெயில் ஏறி ஒன்பது, பத்து மணிக்குத் தொடங்கி, மூடுபனி இறங்கும் முன் மூன்று மணிக்கு நிறுத்துங்கள். கடைசிப் பூச்சு இரவுக்கு முன் காய வேண்டும்.

பழைய லயச் சுவரில் வருஷா வருஷம் அடித்த சுண்ணாம்பு அடுக்கடுக்காக இருக்கும். கையால் தேய்த்தால் வெள்ளைத் தூள் ஒட்டும். அதன்மேல் நேரே பெயின்ட் அடித்தால் சுண்ணாம்போடு சேர்ந்து உரிந்துவிடும். சுரண்டி, வயர் பிரஷ் போட்டுத் தேய்த்து, கழுவுங்கள். மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்ளுங்கள். பாசி இருந்தால் ஒரு பங்கு பிளீச்சுக்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்து பூசி, கால் மணித்தியாலம் விட்டு, தேய்த்துக் கழுவ வேண்டும். கையுறை போடுங்கள், பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். புதுச் சீமெந்துப் பூச்சு என்றால் 28 நாளாவது காய விடுங்கள், அவசரப்பட்டால் உப்புப் பூத்துப் படத்தைத் தின்றுவிடும். அப்புறம் வெளிச்சுவர் பிரைமர் ஒரு பூச்சு, வெளிச்சுவர் எமல்ஷன் இரண்டு பூச்சு.

அளவு இப்படி: 20 அடி நீளம், 8 அடி உயரம் என்றால் 160 சதுர அடி. சொரசொரப்பான சுவரில் ஒரு லீற்றர் ஒரு பூச்சுக்கு சுமார் 80 சதுர அடி பிடிக்கும். பிரைமர் 2 லீற்றர், அடிநிற எமல்ஷன் இரண்டு பூச்சுக்கு 4 லீற்றர் டின் ஒன்று. படத்துக்கு வெள்ளை, கறுப்பு, செங்காவி, மஞ்சட்காவி, நீலம் ஆகிய ஐந்தும் ஒவ்வொரு லீற்றர் போதும், மற்றதெல்லாம் கலந்து எடுக்கலாம். காவி நிறங்கள் இரும்பு ஒக்சைட்டில் வருபவை, வெயிலில் வெளுக்காது. பளீரென்ற ரோஸும் மலிவான சிவப்பும்தான் முதலில் போகும். அம்மாச்சி கேட்ட கவ்வாத்து மலை இன்னும் அப்படியே இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

படத்தைச் சுவருக்கு ஏற்ற புரொஜெக்டர் தேவையில்லை. மாதிரியை அரை அங்குலக் கட்டமாகப் பிரியுங்கள், சுவரில் அதே கட்டம் ஒரு அடி. 20க்கு 8 அடிச் சுவர் ஒரு ஏ4 தாளில் அடங்கிவிடும். மேசன்மார் செய்வதுபோல, கலர்ப்பொடி தடவிய நூலை இழுத்துப் பிடித்துச் சுண்டினால் நேர்கோடு விழும். கட்டங்களுக்கு இலக்கம் போட்டு, ஆளுக்கு ஒன்றாகக் கொடுங்கள். வரையத் தெரியாது என்று ஒதுங்கி நிற்கிற அண்ணன்கூட ஒரு கட்டத்தை வரைந்துவிடுவார். பிள்ளைகள் தரையில் நின்று எட்டும் உயரத்தில் மட்டும் வரையட்டும். சாரத்தில் பெரியவர்கள் மட்டும் ஏற வேண்டும், அதுவும் மழை பெய்து பலகை வழுக்கும் நாளில் கூடாது.

கண்காட்சி

முதல் கண்காட்சி தோட்டத்தில்தான் நடக்க வேண்டும். கொழும்பில் காட்டிவிட்டு இங்கே கொண்டு வருவது முறையல்ல. கோயில் திருவிழா நாட்கள் மிகவும் பொருத்தம், கொழும்பில் வேலை செய்கிற பிள்ளைகள் எல்லோரும் ஊருக்கு வந்திருப்பார்கள். பிரவுண் பேப்பர் படங்கள், பழைய போட்டோக்களின் பிரதிகள், கவ்வாத்துக் கத்தி, கூடை, எல்லாவற்றையும் வையுங்கள். கொடிக் கயிறு கட்டிக் கிளிப்பில் மாட்டினாலே போதும். படத்தின் நடு தரையிலிருந்து நாலரை அடியில் இருக்கட்டும், பிள்ளைகளுக்கும் கூன் விழுந்த பாட்டிமாருக்கும் தெரியும். விளக்கம் முதலில் தமிழிலும், அடுத்து சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் பெரிய எழுத்தில் இருக்கட்டும். வரைந்தவர் பெயரை ஒரு படத்திலும் விட்டுவிடாதீர்கள்.

பிள்ளைகளோடு செய்ய ஒரு நல்ல வேலை உண்டு. துருப்பிடித்த ஆணிகளை வினாகிரியில் ஒரு வாரம் ஊற வைத்து வடித்து, கடுந்தேநீர் பூசிக் காய்ந்த தாளில் அந்த நீரால் வரையச் சொல்லுங்கள். தேயிலையில் உள்ள தனினும் இரும்பும் சேர்ந்து கோடு கறுத்து வரும். பிள்ளைகள் கண்ணெடுக்காமல் பார்ப்பார்கள். நமது குளிரில் தாள் பூஞ்சணம் பிடிக்கும், அதனால் சட்டம் போட்டால் கண்ணாடி தாளில் முட்டாமல் இடைவெளி விடுங்கள், சிமெந்துச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள்.

அதற்குப் பிறகு கண்டிக்கோ கொழும்புக்கோ போகலாம். 1993 முதல் ஜோர்ஜ் கீற் மன்றம் நடத்தி வரும் கலா பொல தெருவோரக் கலைச் சந்தை நல்ல இடம், அங்கே ஓவியர்கள் நேரே மக்களுக்குப் படத்தைக் காட்டி விற்கலாம். எங்கே போனாலும் படத்தோடு வரைந்தவர்களும் போக வேண்டும். வேலை நாளில் கூட்டிக்கொண்டு போனால் அவர்களுக்கு அன்றைய பேர், அதாவது அந்த நாள் வேலைப் பதிவு, போய்விடும், ஆகவே ஞாயிறாகப் பாருங்கள், முடியாவிட்டால் அந்த நாட்சம்பளத்தையும் செலவுக் கணக்கில் சேருங்கள். படம் விற்றால் காசு யாருக்கு எவ்வளவு என்பதைப் புறப்படுவதற்கு முன்பே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். விற்காத மூலப் படங்கள் வரைந்தவர் வீட்டுக்கே திரும்பட்டும், உங்களுக்குப் பிரதி போதும்.

மிச்சமான பெயின்டைச் சின்ன டப்பாக்களில் இறுக மூடி, எந்த நிறம் எதோடு எவ்வளவு கலந்தது, எந்தக் கட்டத்தில் பூசியது என்று ஒட்டி, பிள்ளை மடுவத்திலோ தலைவி வீட்டிலோ கொடுத்துவிடுங்கள். வருஷத்துக்கு ஒரு தடவை, மழைக்காலம் முடிந்ததும், மெல்லிய பிரஷும் தண்ணீரும் போட்டுக் கழுவி, உரிந்த இடத்தில் அந்த நிறத்தைத் தொட்டுவிட அவர்களுக்கே காட்டிக்கொடுத்துவிட்டு வாருங்கள்.