இரு விமானங்களுக்கு நடுவே பிசினஸ் கிளாஸ் லவுஞ்ச்: காவிரி டெல்டா பயணிகளுக்கு ஒரு வழிகாட்டி

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கங்களிலிருந்து லண்டனுக்கோ மெல்போர்னுக்கோ பிள்ளைகளைப் பார்க்கச் செல்லும் பெற்றோருக்கு, அவர்களது மூட்டுவலியையும் முதுகுவலியையும் கருதிப் பிள்ளைகளே பிசினஸ் கிளாஸ் சீட்டு எடுத்து அனுப்புவது இப்போது பல வீடுகளில் நடக்கிறது. விமானம் மாறும் ஊரில் அந்த விமான நிறுவனத்தின் லவுஞ்சை, அதாவது உண்டு குளித்து இளைப்பாறும் ஓய்விடத்தைப் பயன்படுத்தும் உரிமையும் பெரும்பாலும் அந்தச் சீட்டுடனேயே வருகிறது. ஆனால், உள்ளே போனால் பணம் கேட்பார்களோ என்ற தயக்கத்தாலும், நமக்குரிய இடம்தானா என்ற கூச்சத்தாலும், கேட் முன்னாலுள்ள நாற்காலியிலேயே பல மணி நேரத்தைக் கழித்துவிடுகிறவர்கள் நம்மவர்களில் அதிகம். கும்பகோணத்திலிருந்து காரில் திருச்சி விமான நிலையம் வந்து, அங்கே காத்திருந்து, ஒரு விமானத்தில் பறந்து இறங்கிய உடம்பு, அடுத்த பத்து மணி நேரப் பறத்தலுக்குத் தயாராக வேண்டிய இடம் அது. அதைத் தவறவிடக் கூடாது என்பதற்காகவே இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

முதலில் உரிமையைப் பற்றித் தெளிவு வேண்டும். லவுஞ்ச் வாசலில் அவர்கள் பார்ப்பது, நீங்கள் அடுத்து ஏறப்போகும் விமானத்தின் போர்டிங் பாஸை. திருச்சியிலிருந்து கொழும்பு வரை எக்கானமி, கொழும்பிலிருந்து மெல்போர்ன் வரை பிசினஸ் என்றிருந்தால், கொழும்பில் தயங்காமல் போகலாம். அதேபோல ஸ்கூட் விமானத்தில் சிங்கப்பூர் சென்று, அங்கிருந்து சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் பிசினஸ் வகுப்பில் தொடர்பவருக்கு சாங்கி விமான நிலையத்தில் அந்நிறுவனத்தின் சில்வர்கிரிஸ் லவுஞ்ச் உண்டு. மாறாக, வந்தது பிசினஸ், இனிப் போவது எக்கானமி என்றால் விதி நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். சீட்டு எடுக்கும்போதே கேட்டு எழுத்தில் வாங்கிவிடுவது நல்லது.

பிசினஸ் என்று அச்சிட்டிருப்பதாலேயே லவுஞ்ச் உண்டு என்று எண்ணிவிடவும் கூடாது. எமிரேட்ஸ் 2019இலும், கத்தார் ஏர்வேஸ் 2020இலும், லவுஞ்ச் அனுமதி சேராத குறைந்த விலை பிசினஸ் கட்டணங்களைக் கொண்டுவந்தன. விலை வேறுபாடு சிறிதாக இருந்தால், வயதானவர்களுக்கு லவுஞ்ச் சேர்ந்த கட்டணத்தையே எடுங்கள் என்பது பிள்ளைகளுக்கு என் உறுதியான ஆலோசனை. கணவருக்கு பிசினஸ், மனைவிக்கு எக்கானமி என்று எடுத்தால், பிசினஸ் சீட்டை மட்டும் காட்டி இன்னொருவரை உள்ளே அழைத்துச் செல்லப் பொதுவாக விடமாட்டார்கள். அடிக்கடி பறப்போருக்கு விமான நிறுவனக் கூட்டணிகள் தரும் ஸ்டார் அலையன்ஸ் கோல்டு, ஒன்வேர்ல்டு சஃபையர் போன்ற உறுப்பினர் தகுதி உள்ளவர்களே ஒரு விருந்தினரைக் கூட்டிச் செல்லலாம். உள்ளூர் விமான நிலையங்களில் கிரெடிட் கார்டு காட்டி நுழையும் லவுஞ்ச் வேறு, விமான நிறுவனம் தன் பயணிகளுக்காக நடத்தும் லவுஞ்ச் வேறு என்பதையும் நினைவில் வையுங்கள்.

இரண்டு விமானங்களும் ஒரே பயணச்சீட்டில் இருக்க வேண்டும் என்பதை நான் மிகவும் வலியுறுத்துவேன். ஒரே சீட்டு என்றால் திருச்சியில் ஒப்படைத்த பெட்டி கடைசி ஊருக்கே போய்ச் சேரும். நீங்கள் அந்த நாட்டுக்குள் நுழையாமல், டிரான்சிட் வழியாகவே லவுஞ்சுக்குப் போகலாம். தனித்தனிச் சீட்டாக இருந்து, பெட்டியை நடுவில் எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டியிருந்தால், குடிநுழைவுச் சோதனையைக் கடந்து வெளியே வர பெரும்பாலும் அந்நாட்டு விசாவோ நுழைவு அனுமதியோ தேவைப்படும். விசா இல்லாதவருக்கு அங்கே லவுஞ்ச் மட்டுமல்ல, பயணமே சிக்கலாகிவிடும். திருச்சி கவுண்டரிலேயே இரண்டு போர்டிங் பாஸையும் கேட்டு வாங்குங்கள். பெட்டியில் ஒட்டும் சீட்டில் கடைசி ஊரின் பெயர் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள்.

இறங்கியதும் வெளியேறும் வழியைப் பின்தொடராமல், விமானம் மாறுவோருக்கான பலகையைப் பின்தொடர வேண்டும். கொழும்பு கட்டுநாயக்க விமான நிலையம் சிறியது. அங்கே ஸ்ரீலங்கன் நிறுவனத்தின் செரண்டிப் லவுஞ்சைக் கண்டுபிடிப்பது எளிது. சாங்கியில் ஸ்கூட் விமானம் முதலாம் முனையத்தில் இறங்கும். சில்வர்கிரிஸ் லவுஞ்ச் இரண்டாம், மூன்றாம் முனையங்களில் இருக்கிறது. இடையே கட்டணமில்லாத ரயில் ஓடுகிறது. துபாய் மூன்றாம் முனையத்தில் ஏ, பி, சி என்று மூன்று பகுதிகளிலும் எமிரேட்ஸ் லவுஞ்ச் இருப்பதால், உங்கள் கேட் எண்ணின் முதல் எழுத்தைப் பார்த்து அந்தப் பகுதியிலுள்ள லவுஞ்சுக்கே போங்கள். தோஹாவில் பெரிய மஞ்சள் கரடிச் சிலையைத் தேடிச் சென்றால், கத்தார் ஏர்வேஸின் அல் முர்ஜான் லவுஞ்சுக்கு ஏறும் நகரும் படிக்கட்டு பக்கத்திலேயே இருக்கும். அந்த லவுஞ்ச் சுமார் 10,000 சதுர மீட்டர் பரப்புள்ளது. எங்கே உட்கார்ந்தீர்கள் என்பதை அடையாளம் வைத்துக்கொள்ளாவிட்டால் உடன் வந்தவரைத் தேட வேண்டியிருக்கும்.

சக்கர நாற்காலி உதவியைப் பயணத்துக்கு இரண்டு நாட்களுக்கு முன்பே பதிவு செய்யுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை. ஆனால் தள்ளி வருபவர் உங்களை நேரே கேட்டிலோ, சக்கர நாற்காலிப் பயணிகளை உட்கார வைக்கும் இடத்திலோ விட்டுவிடப் பார்ப்பார். போர்டிங் பாஸைக் காட்டி "லவுஞ்ச்" என்ற ஒரு சொல்லை உறுதியாகச் சொல்லுங்கள். லவுஞ்ச் வரவேற்பு மேசையிலும் எத்தனை மணிக்கு அழைத்துப்போக வருவார்கள் என்று கேட்டு, அந்த நேரத்தைத் தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

வரவேற்பு மேசையில் பாஸைக் காட்டிய உடனேயே குளியலறை வேண்டும் என்று கேட்டுவிடுவது முக்கியம். குளியலறைகள் சிலவே இருக்கும், வரிசை நீளும். முறை வரும்வரை சாப்பிடலாம் என்றாலும், முதலில் குளியல், பிறகு உணவு, பிறகு ஓய்வு என்ற நம் வீட்டு ஒழுங்கே இங்கும் உடம்புக்கு ஏற்றது. துண்டு, சோப்பு, ஷாம்பு எல்லாம் அவர்களே தருவார்கள். மாற்றுடையைப் பெரிய பெட்டியில் வைத்து அனுப்பிவிட்டால் இந்த வசதி பாதி வீணாகும். ஆகவே ஒரு பருத்திப் புடவையோ, வேட்டி சட்டையோ, உள்ளாடைகளோடு கைப்பையில் இருக்கட்டும். தரை வழுக்கும், குழாயை எந்தப் பக்கம் திருப்பினால் வெந்நீர் என்பதை உள்ளே கொண்டுவிடும் பணியாளரிடமே கேட்டு, கையில் நீரைப் பார்த்த பிறகு நில்லுங்கள். கைப்பிடியும் இருக்கையும் உள்ள குளியலறை வேண்டுமென்று முதியோர் கேட்கலாம். இராமேசுவரம் போகும் யாத்திரிகர்களுக்காகத் தஞ்சை மராட்டிய மன்னர்கள் ஒரத்தநாடு முதலிய ஊர்களில் கட்டிய சத்திரங்களைப் போல, வழியில் குளித்து உண்டு இளைப்பாறுவதற்கென்றே அமைந்த இடம் இது, கூச்சப்பட எதுவுமில்லை.

உணவுக்கும் பானத்துக்கும் பணம் கிடையாது. மசாஜ் போன்ற சில சேவைகளுக்கு மட்டும் கட்டணம் இருக்கலாம் என்பதால், அவற்றைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். சைவ உணவுக்காரர்கள் ஓரிடத்தில் கவனமாக இருக்க வேண்டும். காய்கறி மட்டும் கண்ணுக்குத் தெரிவதால் அது சைவமாகிவிடாது. இலங்கைச் சமையலில் தேங்காய்ச் சம்பலிலும் சில காய்கறிக் கறிகளிலும் மாசிக் கருவாடு சேர்ப்பார்கள்; அதற்குச் சிங்களத்தில் உம்பலகட என்று பெயர், அந்தப் பெயரைச் சொல்லியே கேட்கலாம். சிங்கப்பூரில் காய்கறி வதக்கலில் சிப்பிச் சாறும், லக்சா குழம்பில் உலர்ந்த இறாலும் இருக்கக்கூடும். வளைகுடாவில் கொண்டைக்கடலையும் எள்ளும் அரைத்த ஹம்முஸ் நம் வயிற்றுக்கு ஒத்துவரும். பருப்பு சூப் எடுக்கும்போது கோழி வேகவைத்த நீர் சேர்ந்ததா என்று கேளுங்கள். கேக்கில் முட்டை இருக்கும். நாகூர், கூத்தாநல்லூர் குடும்பங்களுக்கு தோஹாவிலும் துபாயிலும் ஹலால் பற்றிய கவலை இல்லை; தொழுகை அறையும் உண்டு. காபி இயந்திரத்திலிருந்து வருவது. டிகிரி காபியை எதிர்பார்க்க வேண்டாம், பால் தனியே கேட்டு வாங்கிக் கலந்துகொண்டால் ஓரளவு தேறும். மதுவும் விலையின்றி இருக்கும். நீண்ட விமானப் பயணத்துக்கு முன் அதைத் தொடாமல் தண்ணீர் நிறையக் குடிப்பதே நல்லது. உணவைப் பொட்டலம் கட்டி வெளியே எடுத்துச் செல்ல அனுமதி இல்லை.

மருந்து உண்பவர்கள் கடிகாரத்தைப் பற்றி யோசிக்க வேண்டும். கொழும்பு நேரமும் நம் நேரமும் ஒன்றே. சிங்கப்பூர் இரண்டரை மணி நேரம் முந்தியது, துபாய் ஒன்றரை மணியும் தோஹா இரண்டரை மணியும் பிந்தியவை. போர்டிங் பாஸில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை எந்த நேரப்படி எடுப்பது என்று கிளம்புமுன் மருத்துவரிடம் கேட்டு எழுதி வையுங்கள். இன்சுலின் எப்போதும் கைப்பையிலேயே இருக்கட்டும். சிங்கப்பூர், துபாய், தோஹாவில் நம் வட்ட முனை பிளக் பொருந்தாது. சதுர முனை அடாப்டர் ஒன்று வாங்கிச் செல்லுங்கள். வைஃபை கடவுச்சொல்லை மேசையில் கேட்டு வாங்கிப் பிள்ளைகளுக்குத் தகவல் சொல்லிவிட்டுப் படுங்கள்.

படுக்குமுன் அலாரம் கட்டாயம். பல லவுஞ்சுகளில் விமான அறிவிப்பு செய்வதில்லை. திரையை நாமே பார்க்க வேண்டும், கேட் எண்ணும் கடைசி நேரத்தில் மாறலாம். விமானம் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே லவுஞ்சை விட்டுப் புறப்படுங்கள். சாங்கியின் முதல் மூன்று முனையங்களில் பாதுகாப்புச் சோதனை கேட் வாசலில்தான் நடக்கிறது. லவுஞ்சில் நிரப்பிய தண்ணீர்ப் புட்டி அங்கே தாண்டாது, வரிசையும் இருக்கும். அமெரிக்கா செல்லும் விமானங்களுக்குக் கூடுதல் சோதனை உண்டு என்பதால் இன்னும் முன்னதாக எழ வேண்டும்.

ஊர் திரும்பும்போது இந்த ஒழுங்கைச் சற்று மாற்றிக்கொள்ளுங்கள். சென்னையில் இறங்கினால் மயிலாடுதுறைக்கோ திருவாரூருக்கோ இன்னும் பல மணி நேரம் சாலையில் போக வேண்டும். ஆகவே லவுஞ்சில் தூக்கத்துக்கே முதலிடம் கொடுத்து, குளியலைக் கிளம்பும் நேரத்துக்குச் சற்று முன் வைத்துக்கொண்டு, காரில் வயிறு தொல்லை தராதபடி எளிய உணவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.