சுகர் உள்ளவரிடம் வெறும் 'ஊசி' என்று சொல்லாதீர்கள்

எங்கள் மெடிக்கல் ஷாப்புக்கு மாதா மாதம் மெட்ஃபார்மின் வாங்க வரும் ஓர் அம்மாவிடம், "ஒரு ஊசி போட்டுக்கிட்டா நல்லதும்மா" என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. "மாத்திரையிலேயே கட்டுப்படுதுன்னுதானே டாக்டர் சொன்னாரு தம்பி?" என்று கேட்டார்.

நான் சொல்ல வந்தது ஃப்ளூ தடுப்பூசி. அவர் காதில் விழுந்தது இன்சுலின். சுகர் உள்ளவர்களுக்கு ஊசி என்றால் அது ஒன்றுதான். நோய் முற்றிவிட்டது என்று நினைத்துவிடுகிறார்கள். நான் விளக்குவதற்குள் பையை எடுத்துக்கொண்டு படி இறங்கிவிட்டார்.

மருந்துக்கடையில் நாம் செய்யும் தவறுகளில் இதைத்தான் முதலில் சொல்வேன். இப்போதெல்லாம் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன்: "இது சளிக்காய்ச்சலுக்கான தடுப்பூசி, வருஷத்துக்கு ஒரு தடவை, உங்க மாத்திரை எதுவும் மாறாது." சுகர் இருந்தால் ஃப்ளூவும் நிமோனியாவும் கடுமையாகலாம், காய்ச்சலில் சுகரும் எகிறும் என்பதை அடுத்துச் சொன்னால் காது கொடுத்துக் கேட்கிறார்கள். விலையையும் அப்போதே சொல்லிவிடுவது நல்லது. குழந்தைகளுக்கு நிமோனியா தடுப்பூசியை அரசு இலவசமாகப் போடுகிறது. பெரியவர்கள் பெரும்பாலும் கைக்காசு போட்டுத்தான் வாங்க வேண்டும்.

"சுகர் குறையட்டும், அப்புறம் போட்டுக்கலாம்" என்பார்கள். நாமும் தலையாட்டிவிடக் கூடாது. சுகர் ஏறி இறங்குகிறவருக்குத்தான் பாதுகாப்பு அவசரம். அன்றைக்குக் கடும் காய்ச்சல் இருந்தால் மட்டும் தள்ளிப்போடலாம். பாதுகாப்பு உருவாக இரண்டு வாரம் ஆகும் என்பதால், ஃப்ளூ தடுப்பூசி பற்றிய பேச்சை ஐப்பசி மழைக்கு முன்பே தொடங்கிவிடுங்கள்.

நம் நாட்டில் மருந்துக்கடையிலேயே போட்டுவிடும் வழக்கம் இல்லை. மருத்துவர் சீட்டைப் பார்த்துக் கொடுப்பதோடு சரி, போடுவது கிளினிக்கில். சிக்கல் நடுவழியில்தான். வெயிலில் பைக் டேங்க் கவருக்குள் வைத்து எடுத்துப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது கெடுதல் என்று பலருக்கும் தெரியும். ஐஸ்கட்டியோடு ஒட்டவைத்து அனுப்புவதும் அதே அளவு கெடுதல் என்பது கடைக்காரர்களுக்கே தெரிவதில்லை. ஃப்ளூ, நிமோனியா, ஹெபடைடிஸ் பி (கல்லீரலைத் தாக்கும் வைரஸ் நோய்) தடுப்பூசிகள் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். உறைந்துவிட்டால் போச்சு; உருகிய பிறகு பார்வைக்குச் சாதாரணமாகத் தெரிந்தாலும் பயன்படுத்தக் கூடாது. ஜெல் பேக்கைத் துணியில் சுற்றி, மருந்துப் பெட்டியை அதில் படாமல் வைத்துக் கொடுங்கள். கடை ஃபிரிட்ஜிலும் ஃப்ரீசருக்கு அடியில், பின்சுவரை ஒட்டி வைக்காதீர்கள். இன்சுலினுக்கும் இதே கணக்குதான்.

ஹெபடைடிஸ் பி பற்றி யாரும் கேட்பதே இல்லை, நாமும் சொல்வதில்லை. ஒரே குளுக்கோமீட்டர் ஊசியை வீட்டில் இரண்டு பேர் விரலில் குத்திக்கொள்வது இங்கே சகஜம். அந்த வைரஸ் பரவ அது போதும். ஊசியைப் பகிராதீர்கள் என்று சொல்லும்போதே தடுப்பூசியைப் பற்றியும் மருத்துவரிடம் கேட்கச் சொல்லுங்கள். வழக்கமாக மூன்று டோஸ்: முதல் நாள், ஒரு மாதம் கழித்து, ஆறாம் மாதம். அந்த மூன்றாவதைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள். மாத்திரை பில்லின் பின்பக்கம் தேதியைப் பெரிதாக எழுதிக் கொடுக்கிறேன். தேதி தாண்டிவிட்டது என்று தயங்கி வருகிறவரிடம், "முதலிலிருந்து போட வேண்டாம், விட்ட இடத்திலிருந்து தொடரலாம்" என்று சொன்னால் அன்றைக்கே கிளினிக்குக்குப் போகிறார்.