டெம்ப்ஸ்டர் நெடுஞ்சாலையில் முதல் நாள்: டாசனிலிருந்து ஈகிள் பிளெயின்ஸ் வரை

கனடாவின் யூகான் பிரதேசத்தில், டாசன் நகருக்குக் கிழக்கே சுமார் 40 கி.மீ. தொலைவில் கிளைபிரியும் டெம்ப்ஸ்டர் நெடுஞ்சாலை, ஆர்க்டிக் வட்டத்தைக் கடந்து இனுவிக் என்ற ஊர் வரை ஏறத்தாழ 740 கி.மீ. நீள்கிறது. 1979இல் திறக்கப்பட்ட இந்த ஜல்லிச் சாலையில் முதல் நாள் இலக்காக 369ஆவது கி.மீட்டரில் உள்ள ஈகிள் பிளெயின்ஸை வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம்.

டாசனிலேயே டேங்கை முழுதாக நிரப்பிவிடுங்கள். அங்கிருந்து ஈகிள் பிளெயின்ஸ் 410 கி.மீ. அளவில் இருக்கிறது, இடையில் பெட்ரோல் பங்க் எதையும் நம்பிப் புறப்படக் கூடாது. தார்ச்சாலையில் உங்கள் வண்டி கொடுக்கும் மைலேஜ், ஏற்றமும் ஜல்லியும் நிறைந்த இந்தப் பாதையில் கிடைக்காது. கைபேசிக்குச் சிக்னலும் இராது என்பதால், செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி ஒன்றை வாடகைக்காவது எடுத்துச் செல்லுங்கள்.

இந்தச் சாலையில் நாள் நல்லபடியாக முடிவதும் முடியாததும் பெரும்பாலும் டயர்களின் கையில்தான் இருக்கிறது. கத்திபோல் உடையும் களிப்பாறைத் துண்டுகள் பல இடங்களில் மேலே கிடக்கும்; சாதாரண நகர டயரின் பக்கச் சுவரை அவை எளிதில் கிழித்துவிடும். ஆகவே தடித்த சுவருள்ள டயர்களும், இரண்டு முழு அளவு ஸ்டெப்னிகளும், காற்றடிக்கும் பம்பும், பங்சர் ஒட்டும் பொருள்களும் தேவை. ஜாக்கியை வைத்துச் சக்கரம் கழற்றும் வேலையை வீட்டு வாசலிலேயே ஒருமுறை செய்து பழகிவிடுங்கள். கொசுக்கூட்டத்தின் நடுவே அதை முதன்முறையாகக் கற்றுக்கொள்வது கொடுமை.

அடியில் நிரந்தரமாக உறைந்த மண் இருப்பதால், அது உருகிச் சாலை அமிழ்ந்துவிடாதபடி தடிமனான ஜல்லி மேட்டின் மீது பாதை போடப்பட்டிருக்கிறது. இதனால் ஓரங்கள் செங்குத்தாகச் சரிவதோடு மண்ணும் இளகியிருக்கும். படமெடுக்க வேண்டுமானால் அகலமான ஒதுக்கிடம் வரும்வரை பொறுத்திருந்து நிறுத்துங்கள். எதிரே லாரி வந்தால் வேகத்தை நன்றாகக் குறைத்து வலப்புறம் ஒதுங்குங்கள். கல் தெறித்துக் கண்ணாடி விரிவது இங்கே அன்றாட நிகழ்ச்சி. பகலிலும் முன்விளக்குகள் எரியட்டும். மழை பெய்தால் சில பகுதிகள் சேறாகி வழுக்கும், அப்போது அரை மணி நேரம் காத்திருப்பதில் இழப்பேதும் இல்லை.

டூம்ஸ்டோன் பூங்காவின் தகவல் மையத்தில், அதாவது சுமார் 71ஆவது கி.மீட்டரில், கட்டாயம் இறங்குங்கள். கரடி நடமாட்டத்தைப் பற்றி அங்குள்ள பணியாளர்களிடம் கேட்டறிந்தபின் சிறிது தூரம் நடந்து பாருங்கள். ஆகஸ்ட் இறுதியில் தரையோடு படர்ந்த செடிகள் செக்கச்செவேலென மாறி மலையடிவாரம் முழுவதையும் மூடியிருக்கும். என்னைக் கேட்டால் இந்தப் பயணத்துக்கு அதைவிடச் சிறந்த காலம் இல்லை.

இரண்டு நாளுக்குக் கூடுதலான உணவும் நீரும் கம்பளியும் வண்டியில் இருக்கட்டும். 1910 டிசம்பரில் ஃபோர்ட் மெக்பெர்சனிலிருந்து டாசனுக்குப் புறப்பட்ட காவல்துறைக் குழுவினர் நால்வரும், குறைந்த உணவோடு கிளம்பி, வழி தவறி, திரும்புவதற்குத் தாமதித்ததால் மாண்டார்கள். 1911இல் அவர்களைத் தேடிச் சென்று உடல்களைக் கண்டெடுத்த டெம்ப்ஸ்டர் என்ற காவல்துறையினரின் பெயரைத்தான் இந்தச் சாலை தாங்கி நிற்கிறது. ஒரு ஸ்டெப்னியைப் பயன்படுத்திய பிறகு, அதுவும் பாதி வழிக்கு முன்பாகவே என்றால், டாசனுக்குத் திரும்பிவிடுவதே சரி.

ஜூன் மாதத்தில் இரவிலும் இருட்டாது. வெளிச்சம் இருக்கிறதே என்று ஓட்டிக்கொண்டே போனால் களைப்பு தெரியாமலே கண் சொருகும். எனவே நிறுத்தும் நேரத்தைக் கடிகாரம் பார்த்து முடிவு செய்யுங்கள். ஈகிள் பிளெயின்ஸ் விடுதியில் அறை, உணவு, எரிபொருள், பங்சர் வேலை எல்லாம் கிடைக்கும். அன்று மாலையே டேங்கை நிரப்பி, டயர்களைத் தடவிப் பார்த்து, மேற்கொண்டு வழியில் குறுக்கிடும் பீல் ஆற்றிலும் மெக்கென்சி ஆற்றிலும் வண்டிகளை அக்கரை சேர்க்கும் படகுகள் ஓடுகின்றனவா என்று விசாரித்துவிட்டுப் படுக்கச் செல்லுங்கள்.