ஆப்ஜெக்ட் டேட்டாபேஸ் டிசைன் கத்துக்க எங்க ஆரம்பிக்கலாம்

ஆப்ஜெக்ட் டேட்டாபேஸ்ல டேட்டாவை டேபிளா பிரிக்காம ஆப்ஜெக்டாவே சேமிப்போம், அதனால டேபிள், ஜாயின் எல்லாத்தையும் கொஞ்சம் ஓரமா வச்சிட்டு முதல்ல ஓஐடி-ன்னா (OID, ஒவ்வொரு ஆப்ஜெக்டுக்கும் இருக்குற தனி அடையாளம்) என்னன்னு பிடிங்க, ஏன்னா இங்க ஒரு ஆப்ஜெக்டோட அடையாளம் அதுக்குள்ள இருக்குற டேட்டாவுல இல்ல, டேட்டா முழுக்க மாறினாலும் ஓஐடி மாறாது. 1989-ல வந்த 'ஆப்ஜெக்ட்-ஓரியன்டட் டேட்டாபேஸ் சிஸ்டம் மேனிஃபெஸ்டோ'-ங்குற கட்டுரை இந்த மாதிரி டேட்டாபேஸுக்கு கட்டாய அம்சங்கள் 13-ன்னு சொல்லுது, அதை அவசியம் படிங்க.

அப்புறம் பைத்தான் தெரிஞ்சா இசட்ஓடிபி (ZODB, பைத்தானுக்கான ஆப்ஜெக்ட் டேட்டாபேஸ்) போட்டு, அதோட பெர்சிஸ்டென்ட் கிளாஸ்ல இருந்து ஒரு கிளாஸ் எழுதி, அதுல ஒரு ஆப்ஜெக்ட் உருவாக்கி, ரூட்ல (டேட்டாபேஸோட மேல்மட்ட ஆப்ஜெக்ட்) சேர்த்து கமிட் பண்ணிப் பாருங்க, அந்த ஆப்ஜெக்ட் பிடிச்சிருக்குற மத்த ஆப்ஜெக்டும் சேர்ந்தே சேவ் ஆகிடும். ஆனா உள்ள சாதா லிஸ்ட் வச்சு அப்பெண்ட் பண்ணா அந்த மாற்றம் டேட்டாபேஸுக்குத் தெரியாது, அதுக்குப் பதிலா இசட்ஓடிபி கூட வர்ற பெர்சிஸ்டென்ட்லிஸ்ட் போடுறது நல்லது, இதுல ரொம்ப கவனமா இருங்க.

இன்ஹெரிடன்ஸை ஆழமா அடுக்காதீங்க, பின்னாடி கிளாஸ் மாத்தும்போது பழைய ஆப்ஜெக்டை எல்லாம் புது கிளாஸுக்கு ஏத்த மாதிரி மைக்ரேட் பண்றது பெரிய தலைவலி.