பாரிமுனைப் பக்கம் சின்ன ஹோட்டலில் ரூம் போடுகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

போன தை மாதம் எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு ஊரிலிருந்து வந்தவர்களுக்காக சென்னை மண்ணடியில் ஒரு சின்ன ஹோட்டலில் நாலு ரூம் போட்டிருந்தேன். பழைய வீடு ஒன்றை இடித்தும் இடிக்காமலும் மாற்றிக் கட்டிய இடம். வாசலில் பித்தளை உருளியில் பூ, படிக்கட்டுச் சுவரில் பழைய மதராஸ் படங்கள், பெயருக்குப் பின்னால் 'பூட்டிக்' என்று ஒரு வால். வழி கேட்ட ஆட்டோக்காரர், "ப்ளவுஸ் தைக்கிற கடைங்களா?" என்றாராம்.

காலையில் மண்டபத்தில் சித்தப்பா, "நம்ம வீட்ல தூங்கின மாதிரி இருந்துச்சுப்பா" என்றார். பக்கத்தில் பெரியம்மா கண் சிவந்து உட்கார்ந்திருந்தார். "ராத்திரி முழுக்க லாரியில மூட்டை ஏத்துறான். ரெண்டு மணிக்கு ஒருத்தன் ஷட்டரை இழுக்கிறான். இதைத்தான் பாத்துப் பாத்துப் போட்டியா?"

ஒரே ஹோட்டல், ஒரே ராத்திரி. சித்தப்பாவுக்குப் பின்பக்க ரூம், பெரியம்மாவுக்குத் தெருப்பக்க ரூம். அண்ணன் அன்றைக்கே போனில் ஒற்றை ஸ்டார் போட்டுவிட்டான். சித்தப்பாவுக்கு ஸ்டார் போடத் தெரியாது. தெரிந்திருந்தால் அஞ்சும் போட்டிருப்பார்.

ராயபுரத்தில் எங்கள் வீட்டில் நாலு பேர் படுத்தாலே கால் இடிக்கும். அதனால் ஊர்க்காரர்களுக்கு ரூம் தேடுவது பல வருஷமாக என் தலையில். கோர்ட்டில் கேஸ் உள்ளவர், ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் ஆளைச் சேர்த்தவர், சௌகார்பேட்டையில் கல்யாணச் சாமான் வாங்க வருபவர் என்று யாராவது கேட்டுக்கொண்டே இருப்பார்கள். திட்டு வாங்கி வாங்கிக் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் தவறு, சராசரி ஸ்டாரைப் பார்த்து முடிவு பண்ணுவது. இருநூறு ரூம் உள்ள பெரிய ஹோட்டலில் எந்த மாடியில் கதவைத் திறந்தாலும் ஒரே கட்டில், ஒரே திரைச்சீலை. பன்னிரண்டு ரூம் உள்ள இடத்தில் பன்னிரண்டும் பன்னிரண்டு விதம். ஒன்று அந்தக் காலத்துப் பூஜை அறையாக இருந்திருக்கும், இன்னொன்று மொட்டை மாடியில் புதிதாகக் கட்டியதாக இருக்கும். இதில் 3.9 என்ற எண் எந்த ரூமைப் பற்றியும் ஒன்றும் சொல்லாது. நான் கெட்ட விமர்சனங்களைத்தான் முதலில் படிப்பேன். எந்த மாடி, எந்தப் பக்கம் என்று எழுதியிருக்கிறார்களா என்று பார்ப்பேன். அப்புறம் மாதம். மார்கழியில் தங்கிவிட்டு ஏசி அருமை என்று எழுதியவரை நம்பி சித்திரையில் போகாதீர்கள். 'மேலே ஒழுகியது' என்று ஐப்பசியிலும் கார்த்திகையிலும் ரெண்டு மூன்று பேர் எழுதியிருந்தால், கடைசி மாடி வேண்டாம் என்று சொல்லிவிடலாம். ஹோட்டல்காரர் போட்ட படத்தைவிட, தங்கியவர்கள் கோணல்மாணலாக எடுத்த படங்களில்தான் பாத்ரூம் எவ்வளவு பெரியது என்பது தெரியும்.

இணையத்தில் பணத்தைக் கட்டிவிட்டு, வந்து இறங்கும் வரை ஹோட்டலுக்கு ஒரு போன்கூடப் போடாமல் இருப்பது அடுத்த தவறு. எல்லாத் தொல்லையும் இங்கேதான் தொடங்குகிறது. பாரிமுனை, மண்ணடி எல்லாம் சேர்ந்த ஜார்ஜ் டவுன் பகலில் ஒரு ஊர், ராத்திரியில் வேறு ஊர். பகலில் நெரிசல் நேரத்தில் லாரிகளுக்குக் கட்டுப்பாடு இருப்பதால் பார்சல் ஆபீஸ் உள்ள தெருக்களில் லோடு ஏற்றுவதெல்லாம் கடை மூடிய பிறகுதான் மும்முரமாகும். அதனால் பின்பக்க ரூம் கேளுங்கள். கேட்டுவிட்டு நின்றுவிடாதீர்கள், ஜன்னல் இருக்கிறதா, இருந்தால் எதைப் பார்த்து என்றும் கேளுங்கள். பழைய வீடுகளின் முற்றத்தை ஃபைபர் ஷீட் போட்டு மூடிவிட்டு, சுற்றியுள்ள ரூம்களின் ஜன்னலை அதற்குள் திறக்கும்படி வைத்திருப்பார்கள். கீழே ரிசப்ஷனில் ஒருவர் போனில் பேசினால் இரண்டாவது மாடியில் கேட்கும். மழை பெய்தால் அந்த ஷீட்டின் மேல் பறை அடிக்கிற மாதிரி இருக்கும். லிஃப்ட் உண்டா என்பதையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள். அந்தக் காலத்துப் படிக்கட்டு செங்குத்தாக இருக்கும். முட்டி வலிக்காரர்களால் ஏற முடியாது.

போன் போடுவதில் இன்னொரு லாபம் உண்டு. செயலியில் ரூம் உறுதியாகியிருக்கும். நேரில் போனால் "இன்னிக்கு ஃபுல் சார், பக்கத்துத் தெருவுல நம்ம இன்னொரு இடம் இருக்கு" என்பார்கள். முதல் நாளே பேசி, பேசியவர் பெயரையும் குறித்துவைத்தால் இது பெரும்பாலும் நடக்காது.

நான் செய்த தவறு ஒன்று. மாமா குடும்பத்துக்கு என் பெயரிலேயே ரூம் போட்டு, என் ஆதாரையே நீட்டினேன். ரிசப்ஷனில் இருந்த பையன் முகவரியைப் பார்த்துவிட்டு, "லோக்கல் ஐடிக்கு ரூம் தர மாட்டோம் சார்" என்றான். நான் தங்கப் போவதில்லை, இவர்கள்தான் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். முதலாளிக்குப் போன் போட்டான், அவர் எடுக்கவில்லை. மாமா பெயரில் புதிதாகப் போட்டால் அன்றைய வாடகை ஐந்நூறு ரூபாய் கூடுதல். கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். சென்னை முகவரிக்காரர்களுக்கு ரூம் தராத ஹோட்டல்கள் இந்தப் பக்கம் நிறைய. தங்குபவர் பெயரிலேயே போடுங்கள். பெரியவர்கள் ஒவ்வொருவரும் அடையாள அட்டை கொண்டுவரட்டும். ஆதார் நகலைக் கொடுக்கத் தயக்கமாக இருந்தால், கடைசி நாலு எண் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரை ஆதார் இணையதளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். கல்யாணமாகாத ஜோடி ஒரே அறையில் தங்குவது குற்றமில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2019-லேயே சொல்லிவிட்டது. அந்தக் கோர்ட்டுக் கோபுரம் மொட்டை மாடியிலிருந்து தெரிகிற ஹோட்டல்களிலேயே அதை ஏற்காதவர்கள் உண்டு. அதையும் முன்கூட்டியே கேட்டுவிடுவதுதான் மானத்துக்கு நல்லது.

நேரக் கணக்கிலும் பலர் ஏமாறுகிறார்கள். நம் ஊர் லாட்ஜுகளில் 24 மணி நேரக் கணக்கு. காலை ஆறு மணிக்கு வந்தால் மறுநாள் ஆறு வரை ரூம் உங்களுடையது. பூட்டிக் என்று பெயர் வைத்ததும் செக்-இன் பகல் பன்னிரண்டு, செக்-அவுட் பதினொன்று என்று ஆகிவிடுகிறது. விடியற்காலை எழும்பூரில் இறங்கி நேராக வருபவர்கள், பெட்டி மேல் உட்கார்ந்து தூங்கி வழிவதை நானே பார்த்திருக்கிறேன். சீக்கிரம் வருவோம் என்று முதல் நாளே சொன்னால், முந்தின ராத்திரி காலியாக இருந்த ரூமைத் தருவார்கள். சில இடங்களில் அரை நாள் வாடகை கேட்பார்கள்.

வழி விஷயத்தில் சுருக்கமாகச் சொல்கிறேன். விமான நிலையத்திலிருந்து டாக்ஸி வேண்டாம். மெட்ரோவின் நீலத் தடத்தில் ஏறினால், எங்கும் மாறாமல் உயர் நீதிமன்றம் அல்லது மண்ணடி ஸ்டேஷனில் இறங்கலாம். 2021-லிருந்து அதே ரயில் திருவொற்றியூர் தாண்டி விம்கோ நகர் வரை போகிறது. தென்மாவட்ட பஸ்ஸில் வந்து கிளாம்பாக்கத்தில் இறங்குபவர்கள் வண்டலூரிலோ ஊரப்பாக்கத்திலோ மின்சார ரயில் ஏறினால், கடைசி ஸ்டேஷனான கடற்கரையில் இறங்கிப் பாரிமுனைக்கு நடந்தே போய்விடலாம். காரில் வருவதாக இருந்தால், ஹோட்டல்காரர் 'பார்க்கிங் உண்டு' என்று சொன்னாலும் எங்கே என்று கேளுங்கள். பல நேரம் அது நாலு தெரு தள்ளி இருக்கும்.

ரூமுக்குள் போனதும் உடனே பெட்டியைத் திறக்காதீர்கள். பத்து நிமிஷம் போதும். குழாயைத் திறந்து கையில் கொஞ்சம் சோப்பு போட்டுப் பாருங்கள். நுரைக்கவில்லை என்றால் உப்புத் தண்ணீர். கடலை ஒட்டிய வட சென்னையில் போர்வெல் தண்ணீர் பல இடங்களில் இப்படித்தான். மீஞ்சூர் கடல்நீர் சுத்திகரிப்பு ஆலை 2010-லேயே வந்துவிட்டது, லாரித் தண்ணீரும் வருகிறது. ஆனாலும் ஹோட்டல் தொட்டியில் எது எவ்வளவு கலக்கிறது என்பது அந்தந்த இடத்தைப் பொறுத்தது. தலைமுடி பிசுபிசுக்கிறது என்று திட்டி எழுதுகிறார்களே, அது பெரும்பாலும் இந்தத் தண்ணீர்தான். தலைக்குக் குளிக்க ஒரு வாளி நல்ல தண்ணீர் கேட்டால் பல இடங்களில் கொண்டுவந்து வைப்பார்கள். பிறகு ஏசியைப் போட்டு, கதவைச் சாத்தி, போனில் சிக்னல் வருகிறதா பாருங்கள். பழைய சுவர் அவ்வளவு தடிமன்.

குறை இருந்தால் அப்போதே சொல்லுங்கள். மறுநாள் சாவியைக் கொடுக்கும்போது சொல்வதால் யாருக்கும் பிரயோஜனமில்லை. சின்ன ஹோட்டலில் ராத்திரி பத்துக்கு மேல் பெரும்பாலும் ஒரே ஆள்தான் இருப்பான். அவனே ரிசப்ஷன், அவனே ரூம் பாய், தண்ணீர் பாட்டில் வாங்கப் போகிறவனும் அவனே. எட்டு மணிக்குச் சொன்னால் ரூமையே மாற்றிக் கொடுப்பான். பன்னிரண்டு மணிக்குச் சொன்னால் இன்னொரு போர்வைதான் கிடைக்கும். பெரியம்மா ரூமுக்கு வந்தது ஆறு மணிக்கு. ஜன்னலைத் திறந்து, எதிரே பார்சல் ஆபீஸ் இருப்பதைப் பார்த்திருக்கிறார். "வெளிச்சமா இருக்கே" என்று சந்தோஷப்பட்டிருக்கிறார்.

சாப்பாட்டைப் பற்றி ஒன்றே ஒன்று. 'காலை உணவு இலவசம்' என்றால் பஃபே என்று நினைக்காதீர்கள். பக்கத்து மெஸ்ஸிலிருந்து வரும் இட்லி, பொங்கல், வடைதான், எட்டு மணிக்கு மேல். விடியற்காலை காசிமேட்டுக்கு மீன் ஏலம் பார்க்கப் போகிறவர்களுக்கு அது உதவாது. ஞாயிற்றுக்கிழமை ஜார்ஜ் டவுனில் பாதிக் கடைகளுக்கு மேல் பூட்டு. சனிக்கிழமையே எங்கே சாப்பிடலாம் என்று கேட்டுவையுங்கள். சாயங்காலம் பர்மா பஜார் பக்கம் தள்ளுவண்டியில் அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் கிடைக்கும். அதைச் சாப்பிட்டுவிட்டு ரூமில் ஆர்டர் பண்ணுவதை மறந்துவிடலாம்.

கடைசியில் பில். ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள அறைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி 5 சதவீதம்தான். அதற்கு முன் 12. பழைய கணக்கிலேயே போட்டிருந்தால் கேளுங்கள். 'சர்வீஸ் சார்ஜ்' என்று ஒரு வரி இருந்தால், வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. ஒத்துக்கொள்ளாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அந்தக் காசை ராத்திரி முழித்திருந்த பையன் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள். அடுத்த முறை நீங்கள் போன் போடும்போது பின்பக்க ரூம் எது என்று சொல்லப் போகிறவன் அவன்தான். ஆனி மாதம் இன்னொரு கல்யாணம் வருகிறது. சித்தப்பா படுத்த ரூமைப் பெரியம்மாவுக்கு இப்போதே சொல்லிவைத்துவிட்டேன். சித்தப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.