ஃபைலில் இருக்கும் சொற்களைப் படிப்பது எப்படி: காரணம் பிடிபடாத நாள்பட்ட நோய் உள்ளவர்களுக்கு

டாக்டர்கள் பேசிப் பதிவுசெய்ததைக் கேட்டு டைப் அடிக்கும் மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் வேலையில் பல வருடம் இருந்தேன். அப்புறம் எனக்கே உடம்பு படுத்தத் தொடங்கியது. நான் அடித்துப் பழகிய சொற்களெல்லாம் என் ஃபைலிலேயே வந்து உட்கார்ந்தன. அவற்றை எப்படிப் படிக்கலாம் என்று சொல்கிறேன்.

ஒரு பென்சிலை எடுத்து, நோயைக் குறிக்கும் சொற்களை மட்டும் அடிக்கோடிடுங்கள். ஒவ்வொன்றையும் ஒரே கேள்வி கேளுங்கள்: நீ காரணத்தைச் சொல்கிறாயா, இல்லை நான் சொன்னதையே திருப்பிச் சொல்கிறாயா?

'சிண்ட்ரோம்' பெரும்பாலும் இரண்டாவது வகை. சேர்ந்து வரும் அறிகுறிகளுக்கு வைத்த பொதுப்பெயர், அவ்வளவுதான். 'இடியோபதிக்' என்றால் காரணம் தெரியவில்லை என்று பொருள். காரணம் தெரியாததால் நோயே இல்லை என்று ஆகிவிடாது. ரத்த அழுத்தக்காரர்களில் பெரும்பாலோருக்கு இருப்பது 'எசென்ஷியல் ஹைப்பர்டென்ஷன்'. அதற்கும் இதுதான் காரணம் என்று ஒன்றைச் சுட்ட முடியாது, ஆனாலும் மாத்திரை எழுத யாரும் தயங்குவதில்லை.

சிக்கலான சொல் 'ஃபங்ஷனல்'. உறுப்பின் அமைப்பில் சேதம் தெரியவில்லை, இயங்கும் விதத்தில் கோளாறு என்பது அதன் பொருள். வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் அது 'எல்லாம் மனசுதான்' ஆகிவிடும். அந்த அர்த்தத்தில் எழுதும் டாக்டர்களும் உண்டு என்பதால், ஊகிக்காமல் நேராகவே கேளுங்கள்: "எந்த அர்த்தத்தில் எழுதியிருக்கிறீர்கள் டாக்டர்? அடுத்து என்ன செய்யப்போகிறோம்?"

'டினைஸ்', அதாவது 'மறுக்கிறார்' என்று இருந்தால் பதறாதீர்கள். 'பேஷன்ட் டினைஸ் செஸ்ட் பெயின்' என்பதற்கு, நெஞ்சு வலி உண்டா என்று கேட்டார்கள், நீங்கள் இல்லை என்றீர்கள் என்று மட்டுமே பொருள். யாரும் உங்களைப் பொய்யர் என்று சொல்லவில்லை.

'நார்மல்' என்று பார்த்தால், எந்தப் பரிசோதனை நார்மல் என்று பக்கத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். தைராய்டும் ஹீமோகுளோபினும் சரியாக இருந்தால் அந்த இரண்டும் சரி, அவ்வளவே. பாட்ஸ் என்று ஒரு கோளாறு உண்டு. படுத்திருந்து எழுந்து நின்ற 10 நிமிடத்துக்குள் பெரியவர்களுக்கு நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 30 அல்லது அதற்கு மேல் கூடும், ரத்த அழுத்தம் பெரிதாக இறங்காது. உட்காரவைத்து மட்டும் நாடி பார்த்தால் இது எப்படித் தெரியும்?

பெயர்களும் நிலையானவை இல்லை. 1904-இல் 'ஃபைப்ரோசைட்டிஸ்' என்று ஒரு தசைவலிக்குப் பெயர் வந்தது. திசுவில் அழற்சி இருக்கிறது என்ற எண்ணம் அந்தப் பெயருக்குள்ளேயே இருந்தது. அழற்சியைக் காட்ட முடியாமல் போனதால் இன்று அது 'ஃபைப்ரோமயால்ஜியா'. என் நோயின் கதை இன்னும் மோசம். 1956-இல் பிரிட்டனில் அதற்கு வைத்த பெயரில் 'பினைன்' என்ற சொல் இருந்தது. யாரும் சாகவில்லையாம், அதனால் தீங்கற்றதாம்! 1988-இல் அமெரிக்காவில் 'க்ரானிக் ஃபடீக் சிண்ட்ரோம்' ஆனது. அந்த 'ஃபடீக்' எங்களுக்குச் செய்த கெடுதல் கொஞ்சநஞ்சமில்லை. சோர்வுதானே, நன்றாகத் தூங்கு, நடைப்பயிற்சி போ என்பார்கள். இந்த நோயின் முக்கிய அடையாளமோ, சிறு உழைப்புக்குப் பிறகு, சில மணி நேரமோ ஓரிரு நாளோ கழித்துக்கூட, எல்லா அறிகுறிகளும் மோசமாவது. உடற்பயிற்சியைப் படிப்படியாகக் கூட்டும் சிகிச்சையை, பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் அமைப்பு முன்பு பரிந்துரைத்தது. 2021 வழிகாட்டுதலில் அதைக் கைவிட்டது.

ஆகவே டாக்டரிடம் 'சோர்வு' என்ற சொல்லோடு தொடங்காதீர்கள். என்ன செய்தீர்கள், எப்போது என்ன ஆனது என்று எழுதிக்கொண்டு போங்கள். என் தாளில் இருந்தது இப்படி: "காலையில் தலைக்குக் குளித்தேன். மாலையில் தொண்டை வலி, பேச்சில் சொல் தடுமாறியது. மறுநாள் மதியம் வரை படுக்கை." இதைப் படித்த டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேள்வி கேட்க ஆரம்பித்தார். இணையத்தில் படித்த நோய்ப்பெயரைச் சொல்லவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். கோவிட் வந்துபோன பிறகும் நீடிக்கும் தொல்லைகளுக்கான 'லாங் கோவிட்' என்பதே 2020-இல் நோயாளிகள் வைத்த பெயர்தான். உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை அடுத்த வருடம்தான் வந்தது. ஆனால் அறிகுறியை முதலில் சொல்லுங்கள், பெயரைக் கடைசியில் கேள்வியாக வையுங்கள்.

உறவினர்களிடம் நான் நோயின் பெயரையே சொல்வதில்லை. "இன்று ஓடியாடினால் நாளைக்கு எழுந்திருக்க முடியாது" என்பேன். அதற்கு மேல் வாதாட எனக்குத் தெம்பும் கிடையாது.

ஒரு பெயர் கிடைத்துவிட்டால், புதிதாக எது வந்தாலும் அதன் தலையிலேயே கட்டிவிடும் பழக்கம் எல்லோருக்கும் உண்டு, நமக்கும்தான். காரணமில்லாமல் எடை குறைந்தாலோ, மலத்தில் ரத்தம் போனாலோ, புதிதாக மூச்சு வாங்கினாலோ தள்ளிப்போடாமல் போய், "இதைத் தனியாகப் பரிசோதிக்க வேண்டுமா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால், ஏன் வேண்டாம் என்பதை ஃபைலில் எழுதித்தரச் சொல்லுங்கள்.